காதோரம் நின்ற அம்பு

வீட்டுச் சாமான் கடையில் பில் போடும் பெண்ணின் இடது காதோரம் ஒரு வெள்ளை அம்பு வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. கம்ப்யூட்டர் திரையில் மவுஸோடு ஓடுமே, அதே அம்பு. கறுப்பு ஓரம், உள்ளங்கை அகலம், முனை அவளுடைய நெற்றிப்பொட்டைப் பார்த்தபடி. அவள் குனிந்தால் குனிந்தது, திரும்பினால் கூடவே திரும்பியது. சீப்பு அதன் ஊடே போய் வந்தது. சோப்பு, மண்ணெண்ணெய், சுடுதண்ணீர் எதற்கும் அது மசியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அதைப் புது மாதிரி கிளிப் என்று நினைத்து எந்தக் கடையில் வாங்கியது, என்ன விலை என்று கேட்டாள்.

அம்பை அங்கே வைத்தது அவள் புருஷன்தான். கடைகளில் கேமரா மாட்டுவதும் ரெக்கார்டர் மக்கர் பண்ணினால் சரிசெய்வதும் அவன் பிழைப்பு என்பதால் தெருவில் அவனுக்குக் கேமராக்காரன் என்றே பெயர். மனைவி வேலை பார்த்த கடையின் ரெக்கார்டர் ஒரு கிழட்டுப் பெட்டி. படத்தை ஓட்டிக் காட்டும். பென் டிரைவில் இறக்கிக் கொடு என்றால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் திறக்காத ஒரு ஃபைலைக் கொடுக்கும். ஆகவே அவன் ரெக்கார்டரிலிருந்து மானிட்டருக்குப் போகும் வயரைக் கழற்றி, நடுவில் ஒரு சின்ன டப்பாவைச் செருகி, திரையில் தெரிவதை அப்படியே தன் லேப்டாப்பில் படமாகப் பிடித்துவிடுவான். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. திரையில் உள்ளதெல்லாம் படத்தில் வரும். தேதி வரும், மணி வரும், கேமராவின் பெயர் வரும், அசந்தால் மவுஸ் அம்பும் வரும். பிடிப்பதற்கு முன்னால் மவுஸை ஓரமாகத் தள்ளிவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம்.

முந்தின நாள் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் கவுண்டர் மேல் வைத்த போன் காணாமல் போயிருந்தது. அந்த நேரத்தில் கவுண்டர் பக்கம் யார் யார் நின்றார்கள் என்று படம் எடுத்துத் தரும்படி மேனேஜர் கேட்டார். கேமராக்காரன் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் அவன் மனைவி யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அவன் படத்தை நிறுத்தினான். மவுஸை மெல்ல நகர்த்தி அவள் காதோரம் கொண்டுபோய் வைத்தான், முடியை ஒதுக்கிவிடுகிற மாதிரி. வைத்தவன் எடுக்க மறந்து, பிடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டான்.

மேனேஜர் அந்தப் படத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கேமராக்காரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டின்னும் பாக்காம, எடுத்தது இவதான்னு அம்பு போட்டுக் காட்டிட்டியே தம்பி! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா?" என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. அந்த மூச்சிலேயே மற்ற கிளைகளின் கேமரா வேலையும் இனி உனக்குத்தான் என்றார். கேமராக்காரன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். மறுநாள் காலை அம்போடு வேலைக்குப் போன மனைவியை வாசலிலேயே நிறுத்திச் சீட்டைக் கிழித்து அனுப்பினார்கள். படமும் பொய் சொல்லவில்லை, ஆளும் பொய் சொல்லவில்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த "நாளைக்கு" மழைக்காலம் முடிந்தும் வரவில்லை. "சொல்லிட்டீங்களா?" என்று அவள் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டாள். இன்றைக்கு மேனேஜர் இல்லை, இன்றைக்குக் கடையில் கூட்டம், இன்றைக்கு அவருக்கு மனசு சரியில்லை என்று அவனிடம் பதில் இருந்தது. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அம்பைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். லேப்டாப்பில் இருந்த படத்தைக் குப்பைத்தொட்டியில் தள்ளினால் அம்பு மங்குகிறது, திரும்ப எடுத்தால் பளிச்சென்று ஆகிறது என்பதை அவன் கண்டுபிடித்து, ஆசையோடு அவளிடம் சொன்னான். "அழிச்சிடாதீங்க," என்றாள். "புருஷனும் பொண்டாட்டியுமா சேந்து மறைச்சிட்டாங்கன்னு ஆயிடும்." பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம், அவன் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்கக்கா. எய்தவரு இங்கதான் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கறாரு." அன்று அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

வேறொரு கிளையில் ஒரு மின்விசிறி குறைந்தது. மேனேஜர் அவனை அழைத்து, கூட்டிப் பெருக்கும் பெண்ணின் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்றார். "அன்னைக்கு மாதிரியே ஒரு அம்பு போட்டுக் குடுத்துடு தம்பி. நீ போட்டா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க." திரையில் அந்தப் பெண் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கேமராக்காரனுக்கு மவுஸைத் தொடவே பயமாக இருந்தது. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, மனைவியிடம், "கெளம்பு, கடைக்குப் போலாம்," என்றான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் வேலை பார்த்த கடையில், மேனேஜரிடம் எல்லோரையும் கூப்பிடச் சொன்னான். டப்பாவையும் லேப்டாப்பையும் இணைத்து, மனைவியை மானிட்டர் முன்னால் உட்காரவைத்து, மவுஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, தான் போய்க் கவுண்டர் கேமராவுக்குக் கீழே நின்றான். "என் மேல வச்சு அமுக்கு," என்றான். அவள் அவசரப்படவில்லை. அம்பை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்து, அவன் காதோரம் நிறுத்தி அழுத்தினாள். அவனுக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பு வந்து நின்றது. "இப்ப நான் என்னத்தத் திருடினேன்?" என்று கேட்டான் கேமராக்காரன். "மவுஸைத் தள்ள மறந்தா இப்படித்தான் வரும். அன்னைக்கு இவ சிரிச்சிட்டிருந்தா. பாத்துட்டே இருந்தேன், மறந்துட்டேன். நீங்க நல்லவன்னு சொன்னீங்க, அது நல்லாருந்துச்சு, வாயை மூடிக்கிட்டேன். தப்பு என்னுது." சொல்லும்போது அழுதுவிட்டான். மேனேஜர் கிளைகளின் வேலையை அங்கேயே திரும்ப எடுத்துக்கொண்டார். அவளை மறுநாள் முதல் வேலைக்கு வரலாம் என்றார். யோசித்துச் சொல்வதாக அவள் சொன்னாள். யோசித்து, எதிர்க்கடையில் சேர்ந்தாள்.

காணாமல் போன போன் அடுத்த கோடையில் கிடைத்தது. அந்த அம்மாள் அன்று வாங்கிய ஓவனை உறவுக்காரர் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க எடுத்து வைத்திருந்தார். அந்த உறவுக்காரர் பெட்டியைப் பிரித்தபோது, கவுண்டரில் திறந்து காட்டிய சமயம் உள்ளே விழுந்த போன் அட்டைக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் இருந்தது. கடையிலிருந்து ஆள் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அவள் லேப்டாப்பைக் கேட்டு வாங்கினாள். தன் படத்தைத் தேடி எடுத்து, தான் எப்படிச் சிரித்தாள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அழித்தாள். அம்பு போய்விட்டது. கேமராக்காரன் தன் தலையை அவள் பக்கம் நீட்டினான். அவள் லேப்டாப்பை மூடினாள்.

"உங்களுது இருக்கட்டும்," என்றாள்.

அது இருந்தது. கிளைகளின் வேலை போனாலும் அவனுக்குப் பிழைப்பு குறையவில்லை. அம்புக்காரனைக் கூப்பிடு என்று புதுக் கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். பிள்ளைகள் பிறந்து, அப்பா என்றால் அம்போடுதான் இருப்பார் என்று நினைத்து வளர்ந்தார்கள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் சங்கடப்பட்டுக்கொண்டே, அவர் காதோரம் என்னவோ இருக்கிறதே என்று அவளிடம் கேட்பார்கள்.

"ஆமா, அது நான் வச்சது," என்பாள் அவள், காபி டம்ளரை நீட்டியபடி.