அட்டவணையில் இல்லாத ஐந்து கிலோ

என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். வண்டிகள் அந்த நேரத்துக்கு வந்து நிற்பதில்லை என்பது வேறு விஷயம். அதற்குக் காரணம் மழை, நெரிசல், ஓட்டுநர்கள், முக்கியமாகப் பயணிகள். அட்டவணையில் ஒரு குறையும் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், பவர்லிஃப்டிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று உளறி வைத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

நான் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். இடுப்பு உடைந்தவர்களைப் புரட்டுவதும், கால் உடைந்தவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதுமாக என் பாதி ஆயுள் போய்விட்டது. நாற்பதைத் தாண்டியதும் என் முதுகு முணுமுணுக்க ஆரம்பித்தது. டாக்டர் ஜிம்முக்குப் போகச் சொன்னார். எங்கள் தெருமுனை ஜிம்மை நடத்துகிறவர் ஊதினால் பறந்துவிடுகிற ஒல்லி. அதனாலேயே ஊரே அவரைப் பயில்வான் என்று கூப்பிடும். நான் தரையிலிருந்து கம்பியைத் தூக்கிய விதத்தைப் பார்த்துவிட்டு அவர், "அக்கா, இத்தனை வருஷமா எங்க இருந்தீங்க?" என்றார்.

"வார்டுல" என்றேன்.

போட்டியில் மூன்று தூக்கல்கள். தோளில் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடப்பதை நிமிர்ந்து தூக்குவது டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் நம்முடைய சிறந்த எடையைக் கூட்டிப் பார்ப்பார்கள். என் வயதுக்கும் எடைக்கும் இருநூற்று எண்பது கிலோ வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம்.

எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. அதுவரை நான் தூக்கியதெல்லாம் யாரோ கொண்டுவந்து என் முன்னால் கிடத்தியவை. இதுதான் நானாகத் தேடிப் போய்த் தூக்க நினைத்த முதல் பாரம்.

"திட்டம் இருக்கா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"என்ன திட்டம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. அன்றைக்கே லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

நியாயத்தைச் சொல்லவேண்டும், நல்ல திட்டம் போட்டார். கம்பியைத் தொட்டே பார்க்காத மனுஷர், கண் சிவக்கச் சிவக்கப் படித்தார். முதல் மாதம் எடை குறைவு, தூக்குகிற எண்ணிக்கை அதிகம். பிறகு வாரத்துக்கு வாரம் எடை ஏற, எண்ணிக்கை இறங்கும். போட்டிக்கு முந்தைய வாரம் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. கனமான ஸ்குவாட்டும் கனமான டெட்லிஃப்ட்டும் அடுத்தடுத்த நாளில் வராது. என் டியூட்டி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவு வேலை முடிந்து வரும் நாட்களில் எல்லாம் லேசான பயிற்சியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார். கல்யாண நாளை மறக்கிற மனுஷர் இதை மறக்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிக்கல் நாலாவது வாரம் வந்தது. அது ஓய்வு வாரம். எடையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். எனக்கோ உடம்பு துள்ளியது.

"ஏங்க, இன்னிக்கு கொஞ்சம் ஏத்திக்கட்டுமா? நல்லா இருக்கு."

"இது களைப்பு இறங்குற வாரம்."

"எனக்குக் களைப்பே இல்லைங்க."

"இருக்கு. உனக்குத் தெரியல."

எங்கள் கல்யாண வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. எனக்குப் பசிக்கிறதா, எனக்குக் குளிருகிறதா, எனக்கு அந்தப் புடவை பிடித்திருக்கிறதா, எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். தகவல் எனக்குப் பிறகு வந்து சேரும்.

அவர் ரொம்பவும் பெருமைப்பட்ட விஷயம் பெஞ்ச் பிரஸ். போட்டியில் கம்பியை நெஞ்சில் வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும். தலைமை நடுவர் 'பிரஸ்' என்று சொன்ன பிறகுதான் தள்ளலாம். அவசரப்பட்டால் சிவப்பு விளக்கு, அந்த வாய்ப்பு செல்லாது. இதைத் தெரிந்துகொண்டதும் அவர் என் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டார். போட்டியில் நடப்பதைத்தான் பயிற்சியிலும் செய்யவேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படையாம். நடுவர் அவர்தான். "பிரஸ்!" என்று ஜிம்மே அதிரக் கத்துவார். நான் தள்ளுவேன். வாரத்துக்கு மூன்று தடவை, மூன்று மாதம்.

"சார், ஒரு நாளாவது நான் சொல்றேனே" என்றார் பயில்வான். "இல்லேன்னா, அந்தப் பக்கம் பயிற்சி செய்யுற யாராச்சும் சொல்லட்டும். அக்காவுக்குக் குரல் மாறிப் பழகட்டும்."

"எதுக்கு? வார்த்தை ஒண்ணுதானே!" என்றார் வீட்டுக்காரர்.

பேசி ஜெயிக்கிற இடமில்லை என்று பயில்வானுக்குத் தெரிந்திருந்தது.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. மேடையைச் சுற்றி மூன்று நடுவர்கள். ஒவ்வொருவர் கையிலும் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள். பயிற்சியாளர் என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்காரர் மேடையோரம் நின்றார். சட்டையைப் புதிதாக இஸ்திரி போட்டிருந்தார். ஸ்குவாட்டில் நூற்றைந்து, மூன்று விளக்கும் வெள்ளை. அட்டவணையில் இருந்தபடி, அட்டவணையில் இருந்த நேரத்தில். முதல் தடவையாக அவருடைய வண்டி ஒன்று சரியான நேரத்துக்கு நிறுத்தத்தில் வந்து நின்றதைப் போலப் பூரித்துப் போனார்.

பெஞ்ச் பிரஸ். முதல் வாய்ப்பு ஐம்பது கிலோ, தூக்கத்தில் எழுப்பித் தள்ளச் சொன்னாலும் தள்ளுவேன். கம்பியை இறக்கி நெஞ்சில் வைத்தேன். தலைமை நடுவர் ஒரு பெண், சாந்தமான முகம். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. கம்பி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மேடையோரத்திலிருந்து "பிரஸ்!" என்று ஒரு குரல் அரங்கத்தைப் பிளந்தது. நான் தள்ளிவிட்டேன்.

மூன்று சிவப்பு.

"நீங்க ஏங்க கத்துனீங்க?"

"பழக்கதோஷம். வாய்ல வந்துடுச்சு. இனிமே மூச்சு விட மாட்டேன்."

இரண்டாவது வாய்ப்பு, அதே ஐம்பது. கம்பி நெஞ்சைத் தொட்டது. நடுவர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மறுபடியும் "பிரஸ்!" முன்பைவிடச் சத்தமாக. கத்தி முடித்த பிறகுதான் அவர் கை வாய்க்குப் போனது. என் கை அதற்கு முன்பே மேலே போயிருந்தது. அந்தக் குரலுக்கு அடங்குவதற்கு நான் மூன்று மாதமா பழகினேன், இருபது வருஷமாக அல்லவா பழகியிருக்கிறேன்!

மறுபடியும் மூன்று சிவப்பு. இன்னொரு தடவை தவறினால் போட்டியிலிருந்தே வெளியே. டெட்லிஃப்ட்டுக்கு நிற்கக்கூட விடமாட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் எதிரில் போய் நின்று அந்த அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

"வெளிய போங்க."

"நான் வாயைத் திறக்கவே..."

"உங்களால முடியாது. உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரியுது. வெளிய போயிடுங்க."

சுற்றி இருந்தவர்கள் தங்கள் காலணிகளைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். அவர் என்னையே பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைப் போல நடந்து, பக்கவாட்டில் இருந்த கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போனார். பாவமாக இருந்தது. ஆனாலும் கதவு மூடுகிறவரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அட்டையைப் பயில்வான் கழுத்தில் மாட்டினேன்.

மூன்றாவது தடவை நடுவரின் குரல் கேட்டது. எவ்வளவு மெல்லிய குரல்! தள்ளினேன். மூன்று வெள்ளை.

பிழைத்தேன், ஆனால் கணக்கு உதைத்தது. பெஞ்ச் பிரஸ்ஸில் ஐம்பத்தைந்து எடுத்திருக்க வேண்டும், எடுத்தது ஐம்பது. டெட்லிஃப்ட்டுக்கு அட்டவணையில் இருந்த உச்ச எடை நூற்று இருபது. அதையும் எடுத்தால் இருநூற்று எழுபத்தைந்துதான் வரும். ஐந்து கிலோ குறைகிறது. நூற்று இருபத்தைந்தைத் தூக்கினால்தான் உண்டு. அதற்கு அவருடைய அட்டவணையில் கட்டமே கிடையாது.

டெட்லிஃப்ட்டில் முதல் வாய்ப்பு நூற்றுப் பத்து, வந்தது. இரண்டாவது நூற்று இருபது, அதுவும் வந்தது, முழங்காலருகே கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு. அடுத்த எடையை ஒரு நிமிடத்துக்குள் மேசையில் சொல்லியாக வேண்டும். பயில்வான் கதவைப் பார்த்தார்.

"சாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"அவரு முடியாதுன்னு சொல்லுவாரு."

"முடியுமா அக்கா?"

வார்டில் ஒருவரைத் தூக்கும் முன்னால் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், முடியுமா முடியாதா என்று. யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. தூக்கு என்றுதான் சொல்வார்கள். இப்போது ஒருத்தர் கேட்டார். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன்.

"நூத்தி இருபத்தஞ்சு சொல்லிடுங்க" என்றேன்.

ஒலிபெருக்கியில் எடையை அறிவித்தார்கள். அது வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். நான் மேடையேறும்போது கண்ணாடிக் கதவில் அவர் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் ஆட்டினார். தப்பு, தப்பு, அந்த எடை கிடையாது என்று அந்தக் கைகள் சொல்லின. குரல் மட்டும் வரவில்லை.

குனிந்து பிடித்தேன். முதலில் கம்பி தரையோடு தைத்துவைத்த மாதிரி இருந்தது. பிறகு கிளம்பியது. முழங்காலில் நின்றது. இழுத்தேன். தொடையை உரசிக்கொண்டு மேலே வந்தது. நிமிர்ந்துவிட்டேன்.

டெட்லிஃப்ட்டில் தூக்கினால் மட்டும் போதாது. நடுவர் கையை இறக்கி 'டவுன்' என்று சொல்கிறவரை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது தெரிந்தது. வை, கீழே வை, போதும் என்கிறார். மூன்று மாதமாக அவர் சொன்னதும் வைத்தவள் நான். விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும் போல இருந்தது. நடுவர் அம்மாவுக்கு இப்போதும் அவசரமே இல்லை. நான் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கை இறங்கியது. இறக்கினேன்.

மூன்று வெள்ளை. பயில்வான் குதித்த குதியில் கழுத்து அட்டை எங்கேயோ பறந்தது.

வெளியே போனபோது அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, திட்டம் வேலை செஞ்சிடுச்சு" என்றார்.

சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அது பொய்யில்லையே! என்னை அந்த மேடைவரை கொண்டுவந்தது அவர் போட்ட கட்டங்கள்தான். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பக்கத்தில் உட்கார்ந்தேன். தோள் தோளில் பட்டது. இரண்டு பேரும் கொஞ்சநேரம் வாகனங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்த அஞ்சு கிலோ எங்கிருந்து வந்துச்சுன்னுதான் புரியல" என்றார்.

தேசியப் போட்டிக்குப் புதிய அட்டவணை போட மறுநாளே உட்கார்ந்துவிட்டார். வண்ணம் வண்ணமாகக் கட்டங்கள், ஓய்வு வாரம், என் டியூட்டி நாட்கள், எல்லாம் மளமளவென்று நிரம்பின. டெட்லிஃப்ட் உச்ச எடைக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இதுல என்ன போடட்டும்?" என்று கேட்டார். "உன்னால எவ்வளவு முடியும்?"

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. பதில் சொல்லிப் பழக்கமில்லாததால் எனக்கு உடனே வரவில்லை.

"இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் தானாக ஒரு எண்ணைப் போடவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.