அண்ணா இல்லாத டிஸ்க்

ஜப்பான் கார்ட்டூனைத் தமிழ் பேசவைத்து டிஸ்க்காக விற்ற கம்பெனி கடலூர் மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரிசில்லாவிடம் கேட்டால் தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான் என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும், யார் வந்து மறுக்கப்போகிறார்கள்?

2004இல் அவளும் அவள் அண்ணன் எழிலனும் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியறை பிடித்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து, முறையாக உரிமை வாங்கிய படங்களுக்குக் குரல் கொடுத்தார்கள். ஆண்குரல் எல்லாம் அண்ணன், பெண்குரல் எல்லாம் தங்கை. கிழவிக்கும் அவள்தான், பூனைக்கும் அவள்தான். ரயில் வந்தால் இருவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். வாடகைக் கடைகளுக்கு எழிலன்தான் டிஸ்க்கைப் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோவான்.

முதல் பெரிய தொடர் ஹருமி என்ற பள்ளிக்கூடப் பெண்ணின் கதை. மேல் வகுப்புப் பையன் ரியோ, மழையில் தன் குடையை அவளுக்குக் கொடுக்கிறான். நம் ஊர்ப் பெண் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? 'அண்ணா' என்றுதானே? பிரிசில்லாவும் யோசிக்காமல் அப்படியே பேசிவிட்டாள். உரிமை வாங்கித் தந்த ஏஜெண்ட் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்புவார். ஆறு டிஸ்க் கடைகளுக்குப் போய், ஜனங்கள் ஆசை ஆசையாகப் பார்த்து முடித்த பிறகு ஏழாவது வந்தது. அதில் ஹருமி கோயில் படிக்கட்டில் நின்றுகொண்டு, ரியோவைக் காதலிப்பதாகச் சொல்கிறாள்!

"போச்சு, மானமே போச்சு!" எழிலன் தலையில் கைவைத்துக்கொண்டான். "பேசாம பாசம்னு மாத்திடு பிரிசி. ஒங்கள மாதிரி ஒரு அண்ணன் கெடைக்கணும்னு சொல்லிட்டு அழுவட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல? அவுங்க காதல்னு எடுத்தத நாம பாசம்னு வித்தா அது டூப்ளிகேட் சரக்கு. ஆறையும் திருப்பிப் பேசுவோம். பழச வாங்கிட்டுப் புதுசு குடுப்போம்."

"கிறுக்காடி ஒனக்கு? கம்பெனியே இருக்காது!"

"இல்லாட்டி போவுது. பேரு கெட்டப்பறம் கம்பெனி இருந்து என்னா?"

ஆறையும் திருப்பிப் பேசினார்கள். தொண்டை கட்டி, கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் பாடக்கூட முடியாமல் போனது அவளுக்கு. புது டிஸ்க்கில் ஹருமி எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. வாங்க, போங்க, அவ்வளவுதான். கீரப்பாளையத்தில் கடை வைத்திருந்த இருசம்மாளிடம் போக எழிலனுக்கு நடுக்கம். அந்தம்மா வாயைத் திறந்தால் தெருவே ஒதுங்கும். பிரிசில்லாவே போய் நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

இருசம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல வேளம்மா! அண்ணனக் கட்டிக்கிற கதைய வாடகைக்கு வுட்டிருந்தா என்னைய வெளக்கமாத்தாலயே அடிச்சிருப்பாளுங்க. தப்புன்னு நீயே வந்து சொன்ன பாரு, அதான் பெருசு."

அதோடு விட்டாளா? பண்ருட்டி வரை சொல்லித் தீர்த்துவிட்டாள். 'அண்ணா இல்லாத டிஸ்க் இருக்கா?' என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அடேயப்பா, விழுப்புரம், புதுச்சேரி என்று சரக்கு பறந்தது! சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பெண்கள் ஹருமி மாதிரிப் பேசிச் சிரித்ததைப் பிரிசில்லா தன் காதாலேயே கேட்டாள். எழிலனோ, திருப்பிப் பேசியது தன் யோசனைதான் என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தான்.

பிறகு பென்டிரைவ் வந்தது. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக ரீசார்ஜ் கடைகளாயின. மிச்சமிருந்த சரக்கை 'தானே' புயல் நனைத்துவிட்டுப் போனது. 2012இல் உரிமையும் முடிந்து போர்டை இறக்கினார்கள். பிரிசில்லா அழவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அத்தனை உழைத்தும் பேராவது நிற்குமா என்பதுதான் அவளை அரித்தது.

அந்த வருஷமே ஒருநாள் இருசம்மாளைப் பார்க்கப் போனாள். வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சேனலில் ஹருமி! குரல் மட்டும் புதுசு.

"அண்ணா, நீங்க நனையறீங்களே!" என்றாள் அந்த ஹருமி.

"பண்ணிட்டானுங்க பாரு!" இருசம்மாள் துள்ளி எழுந்தாள். "படிக்கட்டுக்கு வரட்டும், முழிக்கப்போறானுங்க!" சேனலை நிறுத்திவிட்டு, கீறல் விழுந்த பழைய டிஸ்க்கைப் பிளேயரில் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூவி அழைத்தாள். "இங்க வாங்கடி! இதான் ஒரிஜினலு. பேசுனவளே வந்திருக்கா!"

பிரிசில்லாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செல்போனில் எழிலனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, சேனல்காரனுங்களும் அதே தப்பப் பண்ணிட்டானுங்க. ஆனா திருப்பிப் பேச மாட்டானுங்க. நாம பேசுனோம்."