சனிக்கிழமைப் புகை

ஏரிக்கு அந்தப் பக்கம் ஹெய்க்கிலா வீட்டு சவுனாவிலிருந்து, அவர்கள் ஆவிக்குளியல் அறையிலிருந்து, புகை கிளம்பியபோது மர்லீஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்கக்கூட இல்லை. நுரை சொட்டச் சொட்ட ஜன்னல் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். காற்றே இல்லாத குளிர். உறைந்த ஏரிக்கு மேலே புகை நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக ஏறியது. அது ஆளில்லாத வீடு என்றுதான் பேர். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த விவரத்தின்படி தண்ணீர்க் குழாயை மூடி, கதவைப் பூட்டி, டக் ஹெய்க்கிலா, அவன் பெண்டாட்டி ஷெரி, மகன் பிரோடி என மூன்று பேரும் ஆகஸ்டிலேயே ஹார்லன் நகரத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

ஹார்லனில் அவர்கள் எடுத்திருந்தது மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. அங்கே எல்லாம் இருக்கும், சவுனா மட்டும் இருக்காது. தேவதாருப் பலகை அறைந்த அறையில், அடுப்பில் கல்லைக் காயவைத்து, தண்ணீர் ஊற்றி, ஆவியில் வெந்து வியர்த்து, வெளியே வந்து பனியில் புரளாமல் டக்குக்கு ஒரு சனிக்கிழமை கழியாது. அவன் என்றில்லை, இந்த ஏரியைச் சுற்றியிருக்கிற யாருக்கும் கழியாது. பொய்யை எல்லாப் பக்கமும் பூட்டியவன், கேவலம் ஒரு குளியலில் கோட்டைவிட்டான்.

அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். இது முதல் படம் இல்லை. நவம்பரிலேயே புகையைப் பார்த்துவிட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாகப் பழுக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

பனியில் ஆடுகிற பள்ளி ஹாக்கியில் ஒரு விதி உண்டு. படிக்கிற பையன் பள்ளிக்கூடம் மாறினால் ஒரு வருஷம் முதல் அணியில் இறங்கக்கூடாது. குடும்பம் மொத்தமும் வீடு மாறி வந்திருந்தால் மட்டும் விலக்கு. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் மர்லீஸ் புருஷனை விட்டு மகன் காலெபோடு இந்த பர்ச் ஃபால்ஸ் ஊருக்கு வந்தாள். உதடு கிழிந்து, ஒரு பை துணியும் பையனின் ஹாக்கி மூட்டையுமாக வந்தாள். விவாகரத்து இன்னும் கோர்ட்டில் கிடந்தது. புருஷன் பழைய வீட்டிலேயே இருந்தான். அப்படிப் பார்த்தால் குடும்பம் முழுசாக மாறவில்லை. ஆனால் ஊரில் யாரும் அதைக் கிளறவில்லை. பையன் நன்றாக ஆடுகிறான், ஆடட்டும் என்றார்கள்.

முதல் மேட்சுக்கு முந்தின நாள் யாரோ விளையாட்டுச் சங்கத்துக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார்கள். காலெப் அந்த வருஷம் பூராவும் இரண்டாம் அணியில், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு ஆடினான். தடை வந்த அன்றைக்குச் சாயங்காலம் டக் அவள் வீட்டுக்கு வந்தான், ஷெரி சுட்ட கேக்கோடு. "என்ன பண்றது மர்லீஸ், சட்டம்னா சட்டம்தான்" என்று அவள் மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்தான். காலெபின் தோளைத் தட்டினான். நடு ஆட்டக்காரன் இடம் அவன் மகன் பிரோடிக்குப் போனது. அந்தப் பிரோடிதான் இந்த வருஷம் ஹார்லன் பள்ளி அணியில் ஆடுகிறான்.

போன் போட்டது யார் என்று அவளுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. பனித்தளத்துக் கடையில் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்த ஷெரியே வாய் தவறி, "டக்குக்கும் அன்னிக்கி மனசே இல்ல, தெரியுமா, போன வெச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, ரொட்டிக்கு மேல் கடுகுச் சாந்தைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை சுரங்கத்தில் சாப்பாட்டு நேரம். மர்லீஸ் ஓட்டுவது வீட்டைவிடப் பெரிய லாரி. குழியிலிருந்து இரும்புக்கல்லை ஏற்றி மேலே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மறுபடி இறங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் அதே பாதை. யோசிக்க நிறைய இடம் உண்டு. எதிரே உட்கார்ந்து இறைச்சி அடைத்த பாஸ்டியைக் கடித்துக்கொண்டிருந்த ஜீன் பெர்பிச் கண்ணடித்தான்.

"ஏன் மர்லீஸ், ஹெய்க்கிலா வீட்டுப் பேய் இந்த சனிக்கிழமையும் குளிச்சிச்சா?"

மேஜையே சிரித்தது.

"சுத்தமான பேயி. முதுகு தேச்சிவிட ஆள் கேக்குதாம், நீ போறியா?" என்றாள்.

அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். ஊருக்கே தெரியும். ஊரே வாயைத் திறக்காது, ஏனென்றால் நாளைக்கு அவரவர் பிள்ளைக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடம் கூப்பிடலாம். மர்லீஸ் டப்பாவை மூடிக்கொண்டு வெளியே போய், லாரிச் சக்கரத்தின் மறைவில் நின்று விளையாட்டுச் சங்கத்துக்குப் போன் போட்டாள். படங்களை அனுப்பினாள். வரும் வெள்ளிக்கிழமை அரையிறுதி, பர்ச் ஃபால்ஸுக்கும் ஹார்லனுக்கும். இதுவரை காத்திருந்ததே அதற்குத்தான்.

புதன்கிழமை தீர்ப்பு வந்தது. பிரோடி ஆடத் தகுதியில்லை. அவன் ஆடிய மேட்சுகளெல்லாம் தோற்றதாகக் கணக்கு. ஹார்லன் போட்டியிலிருந்தே வெளியே. பர்ச் ஃபால்ஸ் பனியில் கால் வைக்காமலே இறுதிக்குப் போனது.

அன்று மாலை டக் தன் வண்டியை ஏரியின் பனி மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். படியேறவில்லை. முற்றத்திலேயே நின்றான், தொப்பிகூட இல்லாமல்.

"நீதான?"

"சட்டம்னா சட்டம்தான், டக்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. ரெண்டு வருஷமா பழகியிருக்கோம்."

"நீ சொன்னியா?"

அவன் காது சிவந்து போயிருந்தது, குளிரிலா என்று தெரியவில்லை. "பையன் ரூமைவிட்டு வர மாட்டேங்கறான். சாப்பிடல."

"அன்னிக்கி எம் பையனும் சாப்பிடல. நீதான் பெரிய துண்டா கேக்கு வெட்டித் தின்ன."

அவன் வண்டியில் ஏறினான். வண்டி திரும்பி ஏரியில் இறங்கிப் போவதை அவள் கடைசிவரை நின்று பார்த்தாள். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. பொய் சொல்வானேன், சுகமாக இருந்தது. உள்ளே போய் தட்டு நிறைய உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டு தின்றாள்.

காலெப் பயிற்சி முடிந்து வந்தான். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நீயாம்மா?"

"ஆமா. உனக்காகத்தான்."

"எனக்காகவா?" அவன் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு வருஷமா இந்த ஒரு மேட்ச்சதான்மா நெனச்சிட்டிருந்தேன். பொடிப் பசங்களோட ஆடினப்பவும் இத நெனச்சித்தான் ஆடினேன். அவங்கப்பன் பாத்துட்டிருக்கும்போது பிரோடி காலுக்கு நடுவுல ஹாக்கி வட்டை விட்டு கோல் போடணும். அவ்ளோதான் கேட்டேன்."

"அவங்க செஞ்சதுக்கு…"

"அவங்க எனக்குச் செஞ்சாங்க. உனக்கில்ல. எப்பலேருந்து தெரியும்?"

"நவம்பர்" என்று அவள் தட்டைக் கழுவுதொட்டியில் வைத்தாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

"நவம்பரிலயே சொல்லியிருந்தா அவன் திரும்பி வந்திருப்பான். பயிற்சியிலயாவது தெனமும் மோதியிருப்பேன்." மூட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனான். கதவைச் சாத்தினானே தவிர அறையவில்லை.

சனிக்கிழமை வந்தது. இறுதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மறைக்க இனி எதுவும் இல்லாததால் ஹெய்க்கிலா வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. இரண்டு புகைபோக்கியும் புகைந்தன. முற்றத்தில் ஷெரியின் கார் நின்றது. மர்லீஸ் ஜன்னலில் இருந்தாள். தானேதான் அவர்களைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறோம் என்று தோன்றியபோது எரிச்சலாக இருந்தது.

பின்கதவு திறந்தது. காலெப் சறுக்குக் காலணியை வீட்டுப் படியிலேயே கட்டிக்கொண்டிருந்தான். கையில் மட்டை. பையில் ஒரே ஒரு வட்டு.

"எங்கடா?"

அவன் ஏரியில் இறங்கிவிட்டான். பனியைக் கிழிக்கிற சத்தம் தூரமாகத் தூரமாகப் போனது. நடு ஏரியில் நின்று மட்டையால் பனியைத் தட்டினான். மறுபடி தட்டினான். அந்தப் பக்கம் சவுனாக் கதவு திறந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. யாரோ அங்கிருந்து வீட்டுக்குள் ஓடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மட்டையோடு ஒருவன் ஏரியில் இறங்கினான்.

மர்லீஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். எதிர்க்கரையில் டக் இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தான். அவனும் இறங்கவில்லை, அவளும் இறங்கவில்லை. நடுவில் இரண்டு கறுப்பு உருவங்கள் முட்டிக்கொண்டன, விழுந்தன, எழுந்தன. கோல் கம்பம் இல்லை, கோடு இல்லை, ஊதுகிறவன் இல்லை. யார் காலெப், யார் பிரோடி என்று இங்கிருந்து தெரியவில்லை. மட்டை ஓங்குவது முதலில் தெரிந்தது, அடி விழுந்த சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது. ஒருவன் விழுந்து எழாமல் கிடந்தான். மற்றவன் அவனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.