உள்பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

"இன்னைக்கு உன் தடத்துல கார் இழுக்காம நின்னுச்சுன்னா, ரேஸ் மறுபடி என் வீட்டுக்குத்தான் தனம். இப்பவே சொல்லிட்டேன்."

போனில் அண்ணன் சுகுமாறன் சிரித்த சிரிப்பு தனலெட்சுமியின் காதிலேயே நின்றது. பள்ளம் பதித்த தடத்தில், கைப்பிடியை அழுத்தினால் மின்சாரத்தில் ஓடும் குட்டிக் கார்கள். மாதாமாதம் அவற்றுக்குப் பந்தயம். எப்போதும் கெலாங் பாத்தாவில் அண்ணன் வீட்டில்தான். இந்த ஞாயிறுதான் முதல் தடவையாகச் செனாயில், அவள் வீட்டுப் போர்ச்சில்.

தடம் நீளமாகிப் போனதுதான் வினை. மின்சாரம் ஏறுவது ஒரே இடத்தில். தூரத்து வளைவுக்குப் போவதற்குள் கார் சோர்ந்துவிடும்.

"மேசைக்கடியில படுத்துக்கிட்டு இடத்துக்கு இடம் வயர் பத்தவைக்கணும். எனக்கு ரெண்டு ஞாயிறு போச்சு, இடுப்பும் போச்சு" என்று அண்ணன் முன்பே பயமுறுத்தியிருந்தார்.

தனலெட்சுமி படுக்கவில்லை. தொழிற்சாலையில் கார்களுக்கு வயர்க் கட்டு கட்டுகிறவள் அவள். அங்கே யாரும் காருக்குள் புகுந்து ஒவ்வொரு வயராக இழுப்பதில்லை. பலகையில் வழியை வரைந்து, ஆணியடித்து, அதன்மேல் முழுக் கட்டையும் கட்டி முடித்துத்தான் அனுப்புவார்கள். அவளும் பழைய பலகை ஒன்றில் தடத்தை வரைந்தாள். ஆணிக்கு ஆணி வயரை ஓட்டினாள். தடத்தில் காருக்கு ஒன்றாக இரண்டு பாதைகள். ஒரு பாதைக்குச் சிவப்பு ஜோடி, மற்றதற்கு மஞ்சள் ஜோடி. தடத்தைத் தொடவேண்டிய இடங்களில் எல்லாம் சொருகிகள். உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிந்தது.

மாட்டத்தான் கணவர் லோகேஸ்வரன் மேசைக்கடியில் போனார்.

"எது எதுல தனம்?"

"உள்பக்கப் பாதைக்குச் சிவப்பு, வெளிப்பக்கத்துக்கு மஞ்சள்."

"அவ்ளோதானே லா!"

அவர் வெளியே வந்ததும் தனலெட்சுமி ஒரு கைப்பிடியை அழுத்தினாள். அவள் கார் ஓடியது. யாருமே தொடாத பக்கத்துக் காரும் கூடவே ஓடியது.

"அலமாக்! பேய் ஓட்டுது!"

"பேய் இல்ல, நீங்கதான். அடியில என்ன பண்ணீங்க?"

"நீ சொன்னதைத்தான் பண்ணினேன். கட்டுனதுல தப்பு இருக்கும்."

அது அவளுக்குச் சுருக்கென்றது. வயர்க் கட்டு முழுவதையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு வயரும் மாறவில்லை. அதற்குள் கேட்டில் ஹார்ன் சத்தம். அண்ணனின் வேன், உள்ளே கூட்டாளிகள்.

"என்னங்க, உள்பக்கம்னா எந்தப் பக்கம் போட்டீங்க?"

"இதென்ன கேள்வி? உள்பக்கம்னா வீட்டுப் பக்கம். வெளிப்பக்கம்னா கேட்டுப் பக்கம்."

"ஐயோ! வளைவுக்கு உள்ளேன்னு சொன்னேங்க!"

கேட்டோரம் ஓடும் நேர்ப்பகுதியில் வீட்டைப் பார்த்த பாதை உள்பாதைதான். வீட்டோரம் வரும் நேர்ப்பகுதியிலோ வீட்டைப் பார்த்திருப்பது வெளிப்பாதை. பாதி சரி, பாதி மாற்றம். இரண்டு பாதைகளின் மின்சாரமும் கைகோத்துக்கொண்டது.

"வீட்டோரம் இருக்கிறதை மட்டும் பிடுங்கி மாத்துங்க. சொருகிதானே, ஓடுங்க!"

அண்ணன் உள்ளே வந்தபோது லோகேஸ்வரனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்ன மச்சான், ஒர்க்ஷாப் திறந்துட்டீங்களா? முடியலன்னா சொல்லுங்க, வேன் இன்னும் சூடாத்தான் இருக்கு."

"தேத்தண்ணி எடுத்துக்குங்கண்ணே. அது ஆறுறதுக்குள்ள ஓடும்."

"ஆறுறதுக்குள்ளயா! வாய் மட்டும் குறையல."

தேநீரில் ஆவி அடங்குவதற்குள் லோகேஸ்வரன் எழுந்து முட்டியைத் தட்டினார். தனலெட்சுமி ஒரு கைப்பிடியை அண்ணனிடம் நீட்டினாள். இரண்டு கார்களும் அவரவர் கைக்கு அடங்கிப் பாய்ந்தன. தூரத்து வளைவில் அண்ணன் பழக்கப்படி முழுசாக அழுத்தினார். அவர் கார் தடத்தைவிட்டுப் பறந்து போய்ச் செருப்புக் குவியலில் விழுந்தது.

"என்னண்ணே?"

"என் வீட்டுல எவ்ளோ பத்தவச்சும் அந்த இடத்துல கார் தளரும். அமுக்கிப் பழகிட்டேன்" என்றார் அண்ணன், யோசிக்காமல்.

கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாரு வயர் கட்டுனது?" என்று ஒருவர் குனிந்து பார்த்தார்.

"என் வீட்டுக்காரிதான்" என்றார் லோகேஸ்வரன், நெஞ்சை நிமிர்த்தி. "மாட்டுனது நான்."

"ரெண்டு தடவை மாட்டுனாரு" என்றாள் தனலெட்சுமி.

அண்ணன் காரைப் பொறுக்கி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "அடுத்த மாசமும் இங்கதான் லா. நம்ம தனம் தடம்னா சும்மாவா?"

தனலெட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் காரை வாங்கிப் பள்ளத்தில் வைத்தாள்.

"இந்தத் தடவை பாதி அமுக்குங்கண்ணே, போதும்."