மருங்கன் உப்பான பிறகு

தோத்தாத்ரிக்குக் கதையில் விதி மாறினால் பொறுக்காது. மலை எழுந்து நடக்கலாம், மீன் பறக்கலாம், அதெல்லாம் எழுதுகிறவர் இஷ்டம். ஆனால் முதல் அத்தியாயத்தில் மூன்று காலோடு வந்த குதிரை பத்தாம் அத்தியாயத்தில் நாலு காலில் ஓடினால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. குரோம்பேட்டையில் அம்மாவோடு இருந்தான். தொலைபேசி இலாகாவில் குமாஸ்தா. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் எங்கயாவது லாஜிக் இடிக்குதுன்னு சொல்லியிருப்பாரு" என்பான் தனசிங்.

தனசிங் திருமுடிவாக்கத்தில் கேட்டும் கிரில்லும் செய்கிற ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இருவரும் பழகியது மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை நூலகத்தில். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த பழைய மாயாஜாலத் தொடர் ஒன்றை இருவரும் அடுத்தடுத்துப் படித்திருந்தார்கள். அதில் கடைசி அத்தியாயம் காணவில்லை. ராஜகுமாரி கல்லாகப் போயிருப்பாள் என்றான் தோத்தாத்ரி. அவளே மந்திரவாதியைக் கல்லாக்கியிருப்பாள் என்றான் தனசிங். நூலகத்துக்காரர் ஷட்டரை இழுத்துவிட்ட பிறகும் தெருவில் நின்று சண்டை போட்டார்கள். மறுவாரம் அவரவர் முடிவை எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான் 'தொலைகரை' என்ற கையெழுத்துப் பத்திரிகை. மாதம் ஒரு இதழ், ஒரே ஒரு பிரதி. ஏழு ஆறுகள் ஓடுகிற தொலைகரை என்ற நாட்டைப் பற்றி ஆளுக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். மூன்றாவது ஆளாக ஷம்சாத் வந்தாள். பம்மலில் வீடு, வாப்பா தோல் வியாபாரம். அவளும் அதே நூலகத்து வாசகி, தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். மூவரில் நன்றாக எழுதக்கூடியவள் அவள்தான் என்று மற்ற இருவருக்கும் தெரியும், சொன்னதில்லை. எழுதுவதையெல்லாம் அழகாகப் படி எடுப்பது தனசிங்கின் மனைவி ஹில்டா. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். கதை எழுத அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஒவ்வொரு இதழின் கடைசியிலும் விமர்சனத்துக்கென்று பக்கங்களைக் காலியாக விட்டிருப்பார்கள். உண்மையில் எல்லோரும் முதலில் புரட்டுவது அதைத்தான்.

"அரக்கி இரண்டு பக்கம் அழுகிறாள். ஒரு பக்கம் போதும், அவளுக்கும் வேலை இருக்கும்" என்று ஷம்சாத்தின் கதைக்குத் தனசிங் எழுதுவான். "சண்டை பிரமாதம். சண்டைக்கு வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதையும் அண்ணன் ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். தோத்தாத்ரி பக்க எண்ணோடு எழுதுவான்: "பதினாலாம் பக்கம் அமாவாசை. பதினேழாம் பக்கம் நிலவொளியில் வாள் மின்னுகிறது. எந்த நிலவு?"

தொலைகரைக்கு இரண்டே விதி. இரண்டையும் வகுத்தவன் தோத்தாத்ரி. மந்திரம் போடுகிறவர் தன் நினைவுகளில் ஒன்றை இழப்பார். செத்தவர் திரும்ப வரமாட்டார்.

அந்த நாட்டில் எல்லோருக்கும் பிடித்தவன் மருங்கன் என்ற படகோட்டி. தனசிங் படைத்தவன். யார் ஏறினாலும் திட்டுவான், ராஜாவையும் திட்டுவான், திட்டிக்கொண்டே கொண்டுபோய்க் கரைசேர்ப்பான். தொண்ணூற்றிரண்டாம் வருஷ ஆடி மாத இதழில் தனசிங் இந்த மருங்கனை உப்புக்குகைக்குள் அனுப்பினான். குகை மூடிக்கொண்டது. தலை முதல் கால் வரை மருங்கன் உப்பாகப் போனான். அத்தியாயம் அதோடு முடிந்தது.

அடுத்து எழுத வேண்டியவன் தோத்தாத்ரி.

"உப்பானா செத்துட்டானா சிங்ணா?" என்று ஷம்சாத் கேட்டாள்.

"அது எழுதுறவர் பாடு. நான் ஏன் சொல்லணும்?"

"ஏதோ யோசிச்சு வெச்சிருக்கீங்க. குகைக்குப் போறதுக்கு முன்னாடி துடுப்பைக் கரையிலயே விட்டுட்டுப் போறானே, அது சும்மாவா?"

"மறந்துட்டுப் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தனசிங் இருமினான். அந்த இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்து, பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஹில்டா அதைக் கவனித்துவிட்டாள்.

காசநோய் என்றார்கள். தாம்பரத்திலேயே நெஞ்சு நோய்க்குப் பேர்போன ஆஸ்பத்திரி இருந்ததால் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனால் மாத்திரை தனசிங்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காமாலை வந்தது, சோறு இறங்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் காமாலை குறைந்தது, இருமல் ஏறியது. கடைசியில் வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஷம்சாத் தோத்தாத்ரியைத் தேடி குரோம்பேட்டைக்கே வந்தாள். அவன் அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"சார், மருங்கனை உசுரோட கொண்டுவந்துடுங்க."

"எப்படி? உப்பாயிட்டானே."

"ஏதாவது செஞ்சு."

"ரெண்டாவது விதி இருக்கேம்மா."

"விதியை வெச்சது நீங்கதானே? அண்ணன் படுத்துக்கிடக்கிறாரு. அவரு ஆளை இப்ப சாக விடலாமா?"

"அவருக்காக மாத்தினா அவருக்கே பிடிக்காது" என்றான் தோத்தாத்ரி. அவள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போய், வார்டில் தேடிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் அது தனசிங் என்று தெரிந்தது. கண் மஞ்சளாக இருந்தது. சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தான். குரலும் போய்விட்டிருந்தது.

"எழுதிட்டீங்களா வாத்யாரே?" என்று அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

"எழுதிண்டிருக்கேன்."

ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் உட்கார்ந்து எழுதினான். ஏழு ஆறுகளின் மேலும் பெருமழை பெய்கிறது. குகையின் கூரை இடிந்து மழை உள்ளே கொட்டுகிறது. உப்பு கரைகிறது, கரைந்த உப்புக்குள்ளிருந்து மருங்கன் தும்மிக்கொண்டே எழுந்து, மழையைத் திட்டுகிறான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிழிக்கவில்லை. மறுநாள் காலை ஹில்டாவிடம் கொடுத்துவிட்டு, அவள் படிக்கும் முன்பே கிளம்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு தோத்தாத்ரியும் ஷம்சாத்தும் ஹில்டாவும் ஆஸ்பத்திரியில் கூடினார்கள். படி எடுத்த இதழைத் தனசிங் காலையிலேயே படித்து முடித்திருந்தான். கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருந்ததைப் பார்த்துத் தோத்தாத்ரியின் காது சிவந்தது. "மருங்கன் உப்புக்குள் இல்லை, மருங்கனே உப்பு. உப்பு கரைந்தால் ஆள் எப்படி மிஞ்சுவான்? சட்டையைத் துவைத்தால் உள்ளேயிருந்து தையல்காரரா வருவார்? திரும்ப எழுதவும்."

"என்னய்யா இது?" என்றான் தோத்தாத்ரி.

"நான் கேக்க வேண்டியது. என்ன வாத்யாரே இது? மூணு வருஷமா நிலா எங்க, குதிரைக்குக் கால் எத்தனைன்னு எங்க உயிரை எடுத்தீங்க. இப்ப நான் படுத்துட்டேன்னு எனக்கு லாலிபாப் குடுக்கறீங்களா?"

"உமக்காகத்தான்யா எழுதினேன்!"

"அதான் தப்பு. நான் பேஷன்ட்டு, சரி. அதுக்காக வாசகன் இல்லாம போயிட்டனா?"

இருமல் வந்துவிட்டது. ஆனால் இருமிக்கொண்டே விரலை ஆட்டி இன்னும் ஏதோ சொல்ல முயன்றான். தோத்தாத்ரியும் குரலை உயர்த்தினான். வார்டு ஆயா முனியம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டாள்.

"இன்னா சார், பேஜார் பண்ணிகினு கீறீங்க? டாக்டரு என்னையத்தான கேப்பாரு!" என்று அதட்டினாள். பிறகு தனசிங்கிடம் திரும்பி, "அந்த உப்பு ஆளு மேட்டருதானே? காலைலேர்ந்து சொல்லிகினு இருந்தியே. என்னைக் கேட்டா அவன் பொழைக்க மாட்டான்பா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

"பாத்தீங்களா" என்றான் தனசிங்.

ஷம்சாத் சிரித்துவிட்டாள். தோத்தாத்ரிக்கும் சிரிப்பு வந்தது. தனசிங்கின் பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. திட்டு வாங்கியதில் அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் எப்போதும் இருந்ததில்லை.

ஹில்டா மட்டும் சிரிக்கவில்லை. டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"எனக்கு அந்த அத்தியாயம் பிடிச்சிருந்துச்சு" என்றாள்.



"படி எடுக்கும்போது ரெண்டு தடவை எழுதினேன். கண்ணீர் பட்டு மை கலைஞ்சுடுச்சு. உங்க மூணு பேருக்கும் கதை சரியா வரணும். எனக்கு ஆள் திரும்பி வரணும். வந்தா போதும், எப்படி வந்தான்னு நான் கேக்க மாட்டேன்."

"ஹில்டா..." என்றான் தனசிங்.

"நீங்க பேசாதீங்க. அவனைக் கொன்னது நீங்கதானே? இருமல் வந்து ரெண்டு மாசம் ஆகியும் என்கிட்ட சொல்லாம, உள்ள என்னமோ நினைச்சுக்கிட்டுத்தான் அந்தக் குகைக்கு அனுப்பினீங்க. எனக்குத் தெரியாதா?"

தனசிங் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "ஆமா. பயமா இருந்துச்சு" என்றான். இதழை அவள் பக்கம் நகர்த்தி, "அப்ப நீ எழுது. இந்த அத்தியாயம் உன்னோடது" என்றான்.

"எனக்கென்ன எழுத வரும்?"

"ரெண்டு விதிதான் ஹில்டாக்கா" என்றாள் ஷம்சாத். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

ஹில்டா இரண்டு வாரம் அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இதற்குள் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் புதிய மருந்து ஒத்துக்கொண்டது. தனசிங்கின் கண்ணில் மஞ்சள் இறங்கியது. இட்லி இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஹில்டா கைப்பையிலிருந்து நாலு தாளை எடுத்தாள். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில், நிமிர்ந்து பார்க்காமல் வாசித்தாள்.

மழை பெய்கிறது. மருங்கன் கரைந்து ஆற்றில் கலந்துபோகிறான். அவன் திரும்பவில்லை. ஆனால் அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லோரும் அவனைப்போலவே திட்ட ஆரம்பிக்கிறார்கள். குருக்கள் சாமியைத் திட்டுகிறார், குழந்தை தொட்டிலைத் திட்டுகிறது. ராஜா பயந்துபோய் வேறு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். ஊரில் ஒரே ஒருத்தி மட்டும் தினமும் குடத்தோடு அந்த ஆற்றுக்கு வருகிறாள். அவள் மருங்கனின் மனைவி. கரையில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக் குடிப்பாள். அவள் வாயிலிருந்தே அவன் குரல் வந்து அவளைத் திட்டும்: ஏன் இளைச்சுட்டே, ஏன் ஈரத்தில் நிற்கிறே. அவள் தன் குரலில் பதில் சொல்லுவாள். இருட்டுகிறவரை இருவரும் சண்டை போட்டுவிட்டு, அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

வாசித்து முடித்துத் தாளை மடித்தாள்.

மூன்று வருஷத்தில் மருங்கனுக்கு ஒரு மனைவி இருக்கக்கூடும் என்று மூவரில் ஒருவரும் யோசித்ததே இல்லை. ஷம்சாத் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தோத்தாத்ரி தொண்டையைக் கனைத்து, "விதி எதுவும் மீறல" என்றான். அவன் வாயிலிருந்து வரக்கூடிய மிகப்பெரிய பாராட்டு அதுதான்.

"ஒரே ஒரு குறை" என்றான் தனசிங். "மருங்கன் அவ்வளவு மோசமாவா திட்டுவான்?"

"குறைச்சுத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் ஹில்டா. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு அழவும் செய்தாள். தனசிங் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் கேட் வரை போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

தனசிங் பொங்கலுக்கு முன்பு வீடு திரும்பினான். பட்டறையில் புகையும் தூசும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் முதலாளி அவனை ஆபீஸ் அறைக்கு மாற்றிக்கொண்டார். உடம்பு பழையபடி ஆகவில்லை, குரல் ஆனது.

வீடு திரும்பிய பிறகு கூடிய முதல் கூட்டத்தில் ஹில்டா ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இனி அவள் படி எடுக்க மாட்டாள், எழுதத்தான் செய்வாள். படி எடுக்கும் வேலை தோத்தாத்ரி தலையில் விழுந்தது. அவன் கையெழுத்தைப் பார்த்து ஷம்சாத், "சார், இதைப் படிக்கிறதுக்கே மந்திரம் போடணும், ஒரு நினைவு போயிடும்" என்றாள்.

மருங்கனின் மனைவியை இனிமேல் பேரில்லாமல் விட முடியாது என்று அன்று பேச்சு வந்தது. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ஹில்டா 'செங்கழனி' என்றாள்.

"இடிக்கிறதே" என்றான் தோத்தாத்ரி உடனே. "தொலைகரை பூரா ஆறும் பாறையும். கழனி எங்கேருந்து வந்தது?"

"மூணாவது இதழ், எட்டாம் பக்கம். 'தென்கரையில் நெல் விளைந்து கிடந்தது'ன்னு நீங்கதான் எழுதினீங்க. படி எடுத்தது நான்."

தோத்தாத்ரி எழுந்தான். அலமாரியிலிருந்து மூன்றாவது இதழை எடுத்துப் புரட்டினான். இருந்தது. தனசிங் சோபாவில் சாய்ந்து வீடு அதிரச் சிரித்தான். தோத்தாத்ரி பேனா மூடியைக் கழற்றி, புது இதழின் முதல் தாளில், தன்னால் முடிந்த அளவு அழகாக, செங்கழனி என்று எழுதினான்.