இளமேகன் நீட்டிய கை

மனிதர்கள் இப்போதெல்லாம் இல்லாத ஆளுக்காக அழுகிறார்கள். இருக்கிற ஆள் எதிரே வந்து நின்றால் தலையை நிமிர்த்துவதில்லை. பஸ்ஸில் பார்க்கிறேன், கிளினிக்கில் பார்க்கிறேன், எல்லார் கட்டைவிரலும் போனில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது. என் வீட்டில் இன்னும் மோசம். என் மகள் விக்னேஸ்வரி அந்த இல்லாத ஆளை உண்டாக்குகிறவள்.

பகலில் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பொட்டலம் கட்டுகிறாள். சாயங்காலமானால் போனில் கதை எழுதுகிறாள். பனிமலை ராஜ்யம், பறக்கும் குதிரை, பேசுகிற வாள் எல்லாம் அதில் உண்டு. நடுவில் இளமேகன் என்று ஒருத்தன். கோட்டை கோட்டையாகப் போவான். ஒவ்வொரு கோட்டையிலும் ஒருத்தி அவன் பேச்சில் மயங்குவாள். பொழுது விடிந்தால் குதிரை பறந்துவிடும். இருபதாயிரம் பேர் இதைப் படிக்கிறார்களாம், பாதிக்கு மேல் பெண்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கிளாஸில் ஊற்றிய தே ஆறிவிடும். அதனால் இரண்டு வருஷமாக அவள் என்ன எழுதுகிறாள் என்று அவளிடம் கேட்டதில்லை. மற்றவர்கள் பேசக் கேட்டதுதான் இவ்வளவும்.

கோலாலம்பூரில் ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போடுகிறேன் என்றது. திங்கட்கிழமை காலையில் முழுக்கதையையும் அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகு ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது என்றாள் மகள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் டவுனில் சாகுல் ஹமீது சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சாகுலின் மனைவி சாலிஹாதான் அவள் கதைக்கு முதல் ஆள். ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் குறை சொல்வாள். எனக்கு அங்கே வேலை இல்லை. ரொட்டி சானாய் தின்று தே குடிக்கப் போனேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ரப்பர் பூட்ஸோடு போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒங்க மக எழுதுற இளமேகன் பொம்பளைங்களுக்கு மரியாதை குடுக்கிறவன்லா," என்றாள் சாலிஹா. "அதான் எல்லாருக்கும் புடிக்குது."

"ஆறு பேர விட்டுட்டுப் போனவனா?"

"ஏழு," என்றாள் என் மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒருத்திகிட்டயும் பொய் சொன்னதில்லண்ணே. காலையில போயிருவேன்னு மொதல்லயே சொல்லிட்டுத்தான் உக்காருவான்."

"லோரியும்தான் ஹாரன் அடிச்சிட்டு வருது. அடிபட்டவனுக்குக் கால் ஒட்டிக்குமா?"

சாகுல் தே ஆற்றிக்கொண்டே அங்கிருந்து சொன்னான். "கேளுங்கண்ணே, முப்பது வருசமா இங்கயே நிக்கிறேன். என்னைய ஒரு நாளாவது இப்படி மெச்சியிருக்காளா?"

"அவன் பறக்குற குதிரையில வந்தான். நீங்க புகை கக்குற மோட்டர் சைக்கிள்ல வந்தீங்க," என்றாள் சாலிஹா. "அதுவும் எங்கண்ணன் மோட்டரு."

பக்கத்து மேசையில் இருந்த முட்டைக்கோஸ் லோரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் தொண்டையைச் செருமிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

"ஓடையின் குறுக்கே ஒற்றைப் பலகை கிடந்தது. மழையில் அது வழுக்கி மின்னியது. இளமேகன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றான். அரசி வந்ததும் கையை நீட்டினான், ஆனால் அவளைத் தொடவில்லை. 'பிடித்துக்கொள்கிறீர்களா, இல்லை நீங்களே வந்துவிடுவீர்களா?' என்று கேட்டான்."

என் கையிலிருந்த கிளாஸ் வாய்க்குப் போகவில்லை.

அந்த வார்த்தை இளமேகனுடையது அல்ல. அது திருமாறனுடையது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் எஸ்டேட்டில் ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போக ஒரு பலகையைத் தாண்ட வேண்டும். மழை நாளில் திருமாறன் தண்ணீரில் இறங்கி நிற்பான். சுருட்டை முடி, ஒரு பக்கமாகச் சிரிப்பு. கொழுந்துக் கூடையோடு வருகிற ஒவ்வொருத்தியிடமும் இதையேதான் கேட்பான். 'ஏ புள்ள' என்று கூப்பிடுகிற இடத்தில் அவன் ஒருத்தன்தான் 'நீங்க' போடுவான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லுவதால் எதிர்ச் சரிவில் மருந்தடித்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்கும். சில பேர் பிடிப்பார்கள். சில பேர் "நாங்களே வருவோம், நீ மேல ஏறு" என்பார்கள். என் மனைவி ருக்குமணி ரொம்ப நாள் தானாகத்தான் தாண்டினாள். ஒரு நாள் பிடித்தாள். பலகை முடிகிற வரைக்கும் பிடித்தாள், முடிந்த பிறகும் நாலு அடி விடாமல் போனாள். நான் எண்ணினேன்.

மறுநாளே கங்காணியிடம் சொல்லி அவளைப் பதினாலாம் நம்பர் மலைக்கு மாற்றினேன். அங்கே பலகை கிடையாது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் நடை. இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

"அந்தப் பக்கத்த எடுத்துடு," என்றேன்.

"ஏன்ப்பா?"

"நல்லா இல்ல."

"கதையிலயே அதான்ணே நல்ல எடம்," என்றாள் சாலிஹா.

"இது யார் ஒனக்குச் சொன்னது?"

"அம்மா," என்றாள் மகள், உப்பு எங்கே என்று கேட்டால் சொல்வதுபோல. "திருமாறன்னு ஒருத்தர் இருந்தாராமே. அம்மாவப் பொறந்ததுலேர்ந்து எல்லாரும் போன்னு சொல்லியிருக்காங்க, வான்னு சொல்லியிருக்காங்க. ஒங்களுக்கு எப்படி வேணும்னு கேட்ட மொத ஆளு அவர்தானாம்."

"எல்லார்கிட்டயும் கேட்டான். எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டா அது மரியாதையா? வாய்ப் பழக்கம். சசிரேகான்னு ஒரு பொண்ணு இருந்துச்சே, அத என்ன பண்ணான்னு ஒங்கம்மா சொன்னாளா? வயித்துல புள்ளயோட அத விட்டுட்டு ஒரு நாள் காலையில கீழ தாப்பா டவுனுக்கு லோரி ஏறிட்டான். கேட்டுப் புடிச்சவன், போறப்ப யாரையும் கேக்கல."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அதையும் அம்மா சொன்னாங்க," என்றாள் மகள். "அந்தப் பொண்ணு பாதிக் கதைக்கு மேல வர்றா. இளமேகன நான் எங்கயும் நல்லவன்னு எழுதலப்பா. படிக்கிறவங்கதான் அவன் மேல பைத்தியமா இருக்காங்க."

"நான் பைத்தியம்தான்," என்றாள் சாலிஹா. "ஆனா கட்டிக்க மாட்டேன்."

"பின்ன என்னத்துக்கு அந்தப் பலகை?"

"முழுசாக் கேளுங்க. நீங்க பாதியில நிறுத்திட்டீங்க."

அவள் வாசித்தாள்.

"அரசி அவன் கையைப் பிடித்தாள். அவன் அழகுக்காக அல்ல. அவள் காலணிகள் அரசன் வாங்கித் தந்தவை. அரசன் அவற்றைத் தன் காலுக்கு அளவு பார்த்து வாங்கியிருந்தான். முனையில் துணி அடைத்துக்கொண்டு நடந்தவளுக்குப் பலகை எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லவில்லை. பலகையைத் தாண்டியும் நாலு அடி அவள் கையை விடவில்லை. இடது காலணி அதற்குள் கழன்று இழுபட்டுக்கொண்டிருந்தது."

சாகுல் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தான்.

"பொய்," என்றேன்.

"எதுப்பா?"

"எல்லாந்தான்."

"அம்மா கால் என்ன நம்பர்ப்பா?"

"எட்டு."

"அஞ்சு."

"எட்டுதான். வருசா வருசம் நாந்தான வாங்கியாந்தேன்? இதே ரிங்லெட்ல. ரெண்டு ஜோடி, எட்டு நம்பரு. ஒண்ணு நனைஞ்சா ஒண்ண மாத்திப் போட்டுக்கலாம்னு."

"மாத்தி யாருப்பா போட்டா?"

இரண்டாவது ஜோடியை நான்தான் போட்டேன். அதை எதற்கு இவளிடம் சொல்ல வேண்டும்?

"பத்தலன்னா, பெருசுன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்," என்றேன். "நான் என்ன புலியா?"

சாலிஹா மெதுவாகச் சொன்னாள். "புலி இல்லண்ணே. ஆனா நீங்க கடைக்கு வந்தா, என்ன வேணும்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே என்னத்தையாவது குடுன்னு மொறைப்பீங்கல்லா. அதான் இவரே ஒங்களுக்குத் தே ஆத்துறாரு."

"இதுல என்னைய ஏன் இழுக்கிற?" என்றான் சாகுல்.

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "சரி. எடுக்கணும்னா எடுத்துடுறேன். ஒரே ஒரு நிமிசம், இப்பவே எடுத்துடலாம். ஆனா ஏன்னு சொல்லுங்க."

"சொன்னேன்ல, நல்லா இல்ல."

"இன்னொண்ணு அம்மா சொன்னாங்க. அத நான் எழுதல, ஏன்னா எனக்கே முடிவு தெரியல. திடீர்னு ஒரு நாள் பதினாலாம் நம்பர் மலைக்கு மாத்திட்டாங்களாம். அந்தப் பூட்ஸோட ரெண்டு மணி நேரம் நடப்பாங்களாம். யார் மாத்துனா, எதுக்கு மாத்துனாங்கன்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துகொண்டு கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ருக்குமணியும் இப்படித்தான் பார்ப்பாள். ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பக்கம் கதையிலிருந்து போய்விடும். நாளைக்கு எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தரும் படித்துவிட்டு, என் பெயரைச் சொல்லி, இது சிங்காரம் வீட்டுக் கதைதானே என்று கேட்கப் போவதில்லை. ஒரு வார்த்தைதான்.

"கங்காணியக் கேளு," என்றேன்.

"அவர் செத்து இருபது வருசம் ஆச்சுப்பா."

"அப்ப விடு."

"அப்ப அந்தப் பக்கமும் இருக்கட்டும்," என்றாள். போனை எடுத்து அடுத்த பக்கத்துக்குப் போனாள். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன்.

எழுந்தேன். சாகுல், "ஒக்காருங்கண்ணே, மழ வருது, இன்னொரு தே போடுறேன்," என்றான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தேன்.

நான் போட்டிருந்தது ருக்குமணியின் பூட்ஸ், கடைசியாக வாங்கிய ஜோடி. அவள் காரியம் முடிந்த பிறகு எடுத்து மாட்டியபோது உள்ளே முனையில் துணிச்சுருள் இருந்தது, இரண்டிலும். பழைய சேலைத் துணி, கல்லு மாதிரி இறுகியிருந்தது. பூரான் ஏறாமல் இருக்க அடைத்திருக்கிறாள் என்று நினைத்துப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கள் லயத்தில் பூரான் அதிகம், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கையை நீட்டி அழகாகக் கேட்டுவிட்டால் அவன் பெண்களை மதிக்கிறவன், கேட்காமல் வாங்கிக் கொடுத்தவன் மதிக்காதவன். நல்ல நியாயம். திருமாறன் ஒருத்திக்காவது ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தானா? அதை இருபதாயிரம் பேரில் ஒருத்தியும் கேட்கமாட்டாள்.

மழை வலுத்தது. ரோட்டோரத்தில் வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. மேலே யாரோ ஒரு பலகையைப் போட்டிருந்தார்கள். பிடிக்க ஒன்றும் இல்லை. நின்று பார்த்தேன், பிறகு தாண்டினேன். இரண்டு பூட்ஸும் காலில் அப்படியே நின்றன, ஓர் இம்மிகூட நகரவில்லை. எட்டாம் நம்பரில் ஒரு குறையும் கிடையாது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.