மாட்டோட்டி நிற்கும் இடம்

வசந்தம் பிறக்கும் நாளில் ஷான்ஷி மாகாணத்தில் மாவட்ட அதிகாரி களிமண் மாட்டை மூன்று முறை அடிப்பார். குளிரில் முடங்கிக் கிடக்கும் உழவை எழுப்ப ஏற்பட்ட வழக்கம் அது. பிறகு கூட்டம் மாட்டை உடைக்கும். வயிற்றிலிருந்து தானியம் கொட்டும். ஆளுக்கொரு மண்கட்டியை எடுத்துப்போய் வயலில் போடுவார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த மாடுதான் பஞ்சாங்கம். வால் பன்னிரண்டு அங்குலம், மாதத்துக்கு ஒன்று. பக்கத்தில் நிற்கும் மாட்டோட்டி பொம்மையின் சாட்டை இருபத்து நான்கு அங்குலம், பதினைந்து நாள் பருவத்துக்கு ஒன்று. நிலாக் கணக்கில் வரும் புத்தாண்டுக்கு வெகுமுன்பே வசந்தம் பிறந்தால் அவன் மாட்டுக்கு முன்னால் நிற்பான்: சீக்கிரம் விதைக்க வேண்டும். வெகுநாள் பிந்திப் பிறந்தால் பின்னால் நிற்பான்: அவசரமில்லை.

சென்ற ஆண்டு வசந்தம் ஏழு நாள் பிந்தியது. நடுவில் ஒரு மாதம் கூடுதலாக வந்ததால் இந்த முறை பன்னிரண்டு நாள் முந்திவிட்டது. மாடு செய்யும் தூன் குவாங் இதை அறிவான். நிறங்களை எல்லாம் அரண்மனையிலிருந்து வந்த குறிப்புத் தாளைப் பார்த்தே பூசினான். ஆனால் இரண்டு பொம்மையும் நிற்கும் பலகை பழையது. மாட்டோட்டியின் காலில் இருக்கும் முளைக்குச் சென்ற ஆண்டுத் துளை தயாராக இருந்தது. கை தானாக அங்கேயே செருகிவிட்டது.

மாட்டை அடிக்கும் நாளுக்கு முந்தைய நாள். அன்று நண்பகலில் அலுவலக எழுத்தர் பெய் அளக்க வருவார். காலையில் தூனின் மனைவி லான்யிங்தான் பார்த்தாள்.

"ஏன்யா, இவன் எதுக்கு வால் பக்கம் நிக்கிறான்?"

தூன் பார்த்தான். குனிந்து முளையை அசைத்துப் பார்த்தான்.

"தப்பாச் செஞ்சா என்ன தண்டனை?" என்றாள்.

"இருபது பிரம்படி. மாட்டுக்கு மூணுதான்."

"அப்போ மாடாவே பொறந்திருக்கலாம். பிடுங்கி முன்னால நடேன்."

"முளையைச் சுத்தி மண்ணு இறுகிடுச்சு. இழுத்தா கால் உடையும். புதுக் கால் இந்தக் குளிர்ல நாளைக்குள்ள காயாது."

லான்யிங் பலகையைச் சுற்றி வந்தாள். "மாட்டையும் இப்படித்தான் இறுக்கியிருக்கியா?"

இல்லை. மாட்டோட்டி பிறகு கோயிலுக்குப் போக வேண்டியவன், அதனால் முளை. மாடு உடைய வேண்டியது. அதனால் சும்மா நிறுத்தியிருந்தான்.

"அப்போ மாட்டைத் திருப்பு."

அடுத்த வீட்டுத் தோஃபு கடையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மாட்டைத் தூக்கித் தலையை மாட்டோட்டி பக்கம் திருப்பி வைத்தார்கள். மாடு கிழக்கே பார்க்க வேண்டும் என்பதால் பலகை இருந்த வண்டியையும் திருப்பினார்கள். மாட்டோட்டி இப்போது முன்னால் நின்றான், மாட்டைப் பார்த்தபடி.

நண்பகலில் பெய் வந்து வாலை அளந்தார், சாட்டையை அளந்தார், குறிப்புத் தாளை விரித்தார்.

"இவன் ஏன் திரும்பி நிக்கிறான்?"

"முன்னால நிக்கணும்னுதானேங்க ஐயா தாள்ல இருக்கு?" என்றான் தூன்.

"ஆமா. எந்தப் பக்கம் பார்க்கணும்னு இதுல இல்ல." தாளைச் சுருட்டினார். "தூன், உனக்கு விவரம் ஜாஸ்தி."

மறுநாள் மாடு மூன்று அடி வாங்கியது. தூன் ஒன்றும் வாங்கவில்லை. கையில் மண்கட்டியோடு இரண்டு உழவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள்.

"பார்த்தியா, மாடு வர்ற வரைக்கும்கூட அவனுக்குப் பொறுக்கல. திரும்பி நின்னு கூப்பிடுறான்."

"அப்போ தினையை வழக்கத்தைவிட முந்தியே போட்டுடணும்."

தூன் நடையை எட்டிப் போட்டான். வீட்டுக்கு வந்ததும் ஒரு மரத்துண்டைச் சீவிப் பலகையின் பழைய துளையில் அறைந்து அடைத்தான்.